ஐரிஸ் வீட்டுக் கால்மிதி

அந்தக் காலத்தில், பூவும் பூச்சியும் நம்மைப் போலவே வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த காலத்தில், இமயமலையில் மரங்கள் முடிந்து பாறையும் பனியும் தொடங்குகிற உயரத்தில் ஒரு பெரிய புல்வெளி இருந்தது. வருஷத்தில் ஏழு மாதம் அது பனிக்கு அடியில் கிடக்கும். மிச்சமிருக்கும் ஐந்து மாதத்துக்குள் அங்கே குடியிருப்பவர்கள் பிறந்து, வளர்ந்து, பிள்ளை பெற்று, அக்கம்பக்கத்தில் சண்டையும் போட்டு முடித்துவிட வேண்டும். எல்லோருக்கும் தலைபோகிற அவசரம். அந்த அவசரத்திலும் விடிந்ததும் வீட்டைக் கழுவித் துடைத்துப் பெருக்காமல் வேறு எதையும் தொடாதவள் ஒருத்தி இருந்தாள். அவள்தான் ஐரிஸ்.

ஓடைக்கரை ஓரத்தில் அவள் வீடு. இப்போது நாம் பார்க்கிற ஐரிஸை மனதில் வைத்துக்கொண்டு அவளை நினைத்துப் பார்க்கக்கூடாது. அன்றைக்கு அவளுடைய ஆறு இதழ்களும் நிமிர்ந்து, தோளோடு தோள் ஒட்டி, சாத்தி வைத்த பீரோ மாதிரி நிற்கும். சுத்தமான இளம் ஊதா. ஒரு புள்ளி இல்லை, ஒரு திட்டு இல்லை. கீழே மண்ணில் இஞ்சி மாதிரி ஒரு கிழங்கு, அதுதான் அவளுக்கு உடம்பு. அந்தக் கிழங்கின் முதுகில் தடிமனாக ஒரு வெள்ளைக் கம்பளிப் போர்வை. வெயில் வந்ததும் யாக் எருமைகள் பாறையில் உடம்பைத் தேய்த்து உதிர்க்கிற ரோமத்தைக் காற்றிடம் கேட்டுக் கேட்டு வாங்கி, பன்னிரண்டு வருஷம் சேர்த்துச் செய்த போர்வை அது. அது இல்லாமல் ஒரு பனிக்காலத்தைக்கூடத் தாங்கமாட்டோம் என்று அவள் திடமாக நம்பினாள்.

காலையில் பனித்துளியை எடுத்து இதழ்களைக் கழுவுவாள். வாள் மாதிரி நீண்ட இலைகளால் வழித்துத் துடைப்பாள். பளபளவென்று வருகிறவரை தேய்ப்பாள். பிறகு உள்ளே போய், அறைக்குள் மஞ்சளாகப் படிந்திருக்கும் தூசியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள்.

"நேத்துதானே பெருக்கினேன்! எங்கேயிருந்துதான் வருதோ இந்தச் சனியன்!"

ஒரு பொட்டு விடாமல் வாரி ஓடையில் கொட்டிவிட்டுத்தான் மறுவேலை.

இவ்வளவு சுத்தமான வீட்டுக்கு விருந்தாளி வரவேண்டுமே, யாரும் வருவதில்லை. ஈ வந்து உட்கார்ந்தால் வழுக்கி விழும். பட்டாம்பூச்சி வந்தால், "காலைக் கழுவிட்டு வா" என்று ஒரு அதட்டல் விழும். அது கழுவப் போகும். போனது போனதுதான். வளர்ப்பு சரியில்லாத கூட்டம் என்று ஐரிஸ் தனக்குள் சொல்லிக்கொள்வாள்.

அவளுக்குப் பக்கத்து வளையில் மர்மோட் அண்ணன் குடியிருந்தார். பூனை அளவில் கொழுகொழுவென்று இருக்கும் மலை அணில் அவர். குளிர்காலம் முழுவதும் தூக்கம், கோடை முழுவதும் ஊர்வம்பு. அந்த வருஷம் தூங்கி எழுந்து வளைக்கு வெளியே வந்தவர், கரையைப் பார்த்ததும் வாயிலிருந்த புல்லைக் கீழே போட்டுவிட்டார்.

"ஏம்மா ஐரிஸு, உன் வீட்டுக்கு இந்தப் பக்கம் இருந்த மண்ணெல்லாம் எங்கே?"

"ஓடை கொண்டுபோயிடுச்சு."

"போன வருஷம் நாலு முழம் இருந்துது. இப்போ ஒரு முழம்கூட இல்லையே?"

"தெரியுது. எனக்கும் கண்ணிருக்கு."

"இன்னும் ரெண்டு பனி, அதிகம் போனா மூணு. அதுக்கப்புறம் நீயும் உன் போர்வையும் தண்ணியிலே. உன்னாலே எழுந்து நடக்க முடியுமா? முடியாது. ஒரு விதை, ஒரே ஒரு விதை இருந்தா வாயிலே கவ்விக்கிட்டுப் போய் அந்த மேட்டிலே போட்டுட்டு வருவேன். உன் பேரைச் சொல்ல ஒருத்தியாவது இருப்பா."

பன்னிரண்டு வருஷத்தில் ஐரிஸ் வீட்டில் ஒரு விதைகூடப் பிடித்ததில்லை. அதைத்தான் அவர் நாசூக்காகச் சொல்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. ஓடைக்கு அக்கரையில் அவளுடைய ஒன்றுவிட்ட அக்கா ஒருத்தி இருந்தாள். முகம் கழுவமாட்டாள், வீட்டைப் பெருக்கமாட்டாள். அவள் வாசலில் படிந்திருக்கும் அழுக்கில் வெள்ளரி போடலாம். ஆனால் வருஷா வருஷம் மடி நிறைய விதை.

"அக்கரையிலே மட்டும் எப்படிப் பிடிக்குதாம்?" என்று கடைசியில் கேட்டாள். கேட்க வாய் கூசியது.

"அவ வீட்டுக்கு ஆள் வருது. வந்தவங்க அந்த மஞ்சள் பொடியிலே புரளுறாங்க. ஒரு வீட்டுப் பொடி இன்னொரு வீட்டுக்குப் போகணும், அப்போதான் விதை. நீதான் அதைத் தூசின்னு ஓடையிலே கொட்டுறியே!"

"அது... தூசி இல்லையா?"

"பன்னிரண்டு வருஷமா உன் குடும்பத்தைப் பெருக்கித் தள்ளியிருக்கே, தாயே" என்று சொல்லிவிட்டு மர்மோட் அண்ணன் புல் மேயப் போய்விட்டார். நல்ல விஷயத்தைக்கூட அவருக்குக் குத்தாமல் சொல்ல வராது.

அன்று ஐரிஸ் துடைப்பத்தை எடுக்கவில்லை. மஞ்சள் பொடி அறையில் அப்படியே கிடந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு உடம்பெல்லாம் அரித்தது. பார்க்காமல் இருக்க வாசலைப் போய்த் துடைத்தாள். ஒரு தடவைக்கு இரண்டு தடவை.

நடுப்பகலில் வாசலுக்கு எதிரே மண் லேசாக அசைந்தது. ஒரு கட்டி புரண்டது. அடியிலிருந்து உருண்டையாக ஒருத்தி வெளியே வந்தாள். உடம்பெல்லாம் கறுப்பும் பழுப்புமாகக் கம்பளிச் சட்டை போட்டது போல ரோமம், ஆறு காலிலும் ஈரச் சேறு. குண்டுத்தேனீ. நிறைமாதம். போன மழை முடிந்ததும் புருஷன் செத்துப்போக, வயிற்றுப் பிள்ளைகளோடு தனியாக மண்ணுக்குள் படுத்துப் பனிக்காலத்தைக் கழித்தவள். எழுந்து பார்த்தால் புல்வெளியில் இன்னும் பாதி வெள்ளை. இக்கரையில் திறந்திருந்த வீடு ஐரிஸுடையது ஒன்றுதான்.

தள்ளாடிப் பறந்து வந்தாள்.

"அக்கா, ஒரு வாய் தேன் கிடைக்குமா? கண்ணை இருட்டுது."

ஐரிஸ் அவள் கால்களைப் பார்த்தாள். நாக்கு, பழக்கதோஷம், முந்திக்கொண்டது.

"கால்."

"என்ன கால்?"

"சேறு. கழுவிட்டு வா."

குண்டுத்தேனீக்கு எதிர்த்துப் பேசத் தெம்பில்லை. பனி உருகித் தேங்கிய குட்டையில் ஆறு காலையும் நனைத்துவிட்டு, குளிரில் கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டு திரும்பி வந்து இதழைப் பிடித்தாள். சர்ரென்று வழுக்கிக் கீழே விழுந்தாள். மறுபடியும் ஏறினாள். மறுபடியும் சர்ர்.

"ஏன்க்கா, இதுலே எண்ணெய் கிண்ணெய் தடவி வச்சிருக்கியா?"

"சுத்தமா வச்சிருக்கேன். அது ஒரு குத்தமா?"

மூன்றாவது தடவை அவள் கொஞ்சம் விலகிப் போய், வேகமாகப் பறந்து வந்து இதழில் மோதினாள். அந்த வேகத்திலேயே வழுக்கி, கரையையும் தாண்டி, கீழே ஓடையின் ஓரத்தில் ஒட்டியிருந்த ஐஸ் பாளத்தில் போய் மல்லாந்து விழுந்தாள். இறக்கை இரண்டும் ஈரத்தில் ஒட்டிக்கொண்டன. பாளத்தின் ஒரு மூலையைத் தண்ணீர் கடக் கடக்கென்று கடித்துக்கொண்டிருந்தது. அதே நேரம் பார்த்து மலைமுகட்டிலிருந்து சாம்பல் மேகம் ஒன்று இறங்கியது. முதல் பனித்தூவல் விழுந்தது.

"ஏய்! எழுந்திரு!" என்று கத்தினாள் ஐரிஸ்.

"முடியலே."

"முடியலேன்னா எப்படி? புரண்டு படு, காலை ஊனு!"

"அக்கா, சத்தம் போடாதே" என்றாள் குண்டுத்தேனீ, கண்ணை மூடிக்கொண்டு. "வயித்துலே நூறு பேரு இருக்காங்க. அவங்களாவது கொஞ்ச நேரம் நிம்மதியா இருக்கட்டும்."

ஐரிஸுக்கு அதுவரை தன் கரை, தன் விதை, தன் மூன்று பனி என்றுதான் கவலை. இப்போது கண்ணெதிரே நூறு பேர் ஓடையில் போகப்போகிறார்கள். அதுவும் அவள் தேய்த்த பளபளப்பால்.

அப்போதுதான் அவள் அதைச் செய்தாள். நிமிர்ந்து நின்ற இதழ்களில் ஓடைப் பக்கம் இருந்ததைப் பிடித்து வெளியே வளைத்தாள். வளையவில்லை. இன்னும் அழுத்தினாள். 'மடக்'கென்று ஒரு சத்தம். முதுகெலும்பு முறிந்தது போல வலித்தது. இதழ் மடிந்து கீழே தொங்கியது. அதன் நுனி ஐஸ் பாளத்தைத் தொட்டது.

"பிடிச்சுக்கோ!"

குண்டுத்தேனீ முன்கால் இரண்டையும் போட்டுப் பிடித்தாள். வழுக்கியது. மறுபடி பிடித்தாள். வழுக்கியது.

"உன் வீட்டு வாசல்லே எறும்புகூட ஏறாதுக்கா."

பாளத்தில் நீளமாக ஒரு விரிசல் ஓடியது.

ஐரிஸ் குனிந்து பார்த்தாள். வீட்டில் வழுக்காத பொருள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அது அவள் முதுகில் கிடந்தது. ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு போர்வையை உருவினாள். பனிக்காற்று வெறும் முதுகில் பட்டதும் அவளுக்கு ஐயோ என்றிருந்தது. இலையின் கூர்முனையால் ஒரு பட்டை கிழித்தாள். பன்னிரண்டு வருஷச் சேமிப்பு டர்ரென்று கிழிகிற சத்தத்தைக் காதில் வாங்காமல், தொங்கிய இதழின் நடுவே நீளவாக்கில் அதை விரித்து அழுத்தினாள்.

"இப்போ ஏறு! கம்பளியைப் பிடிச்சு ஏறு!"

பிடி கிடைத்தது. ஒவ்வொரு காலாக ரோமத்தில் மாட்டி மாட்டி, குண்டுத்தேனீ மூச்சு வாங்கிக்கொண்டு மேலே வந்தாள். அவள் பின்னங்கால் பாளத்தை விட்டதும் அது உடைந்து ஓடையோடு போனது. ஏறி வந்த வழியில் கம்பளியின் இரு பக்கமும் அவள் கால் பட்ட இடமெல்லாம் சேற்றுத் திட்டு. குட்டையில் கழுவியும் அத்தனை சேறு எங்கேதான் மிச்சமிருந்ததோ. ஐரிஸ் பார்த்தாள்.

"உள்ளே போ. போய் உட்காரு. காலை அப்புறம் பாத்துக்கலாம்."

வெளியே பனி கொட்டியது. உள்ளே குண்டுத்தேனீ வயிறு முட்டத் தேன் குடித்தாள். குடித்து முடித்ததும் அவள் இனத்துக்கே தெரிந்த ஒரு வேலையைச் செய்தாள். இறக்கையை அசைக்காமல் உடம்பை மட்டும் உர்ரென்று அதிர வைத்தாள். அதில் சூடு பிறந்தது. சற்று நேரத்தில் அறை முழுக்கக் கதகதவென்று ஆனது. அந்தச் சூடு தண்டு வழியே இறங்கிக் கிழங்கு வரைக்கும் போனது.

"இப்போ முதுகு எப்படி இருக்குக்கா?"

"இருக்கு. நீ குடி."

"உன் தேன்லே ஒரு வாசனை இருக்கு. அக்கரையிலே ஒருத்தி இருப்பாளே, எங்கம்மா அவ வீட்டுக்குத்தான் போவாங்களாம். அங்கே இப்படி இருக்காதாம், புளிச்ச வாடை அடிக்குமாம்."

ஐரிஸுக்கு அந்த ஒரு வார்த்தையிலேயே பாதி வலி போய்விட்டது.

சாயங்காலத்துக்குள் மேகம் கலைந்து வெயில் வந்தது. உடம்பெல்லாம் மஞ்சள் பொடியோடு குண்டுத்தேனீ கிளம்பிப் பறந்தாள். ஐரிஸ் நிதானமாக வீட்டைப் பார்வையிட்டாள். மடிந்த இதழைத் தூக்கிப் பார்த்தாள். அது நிமிர மறுத்துவிட்டது. ஒன்று தொங்கி மற்ற ஐந்தும் நிமிர்ந்து நின்றால் பார்ப்பவர்கள் என்ன சொல்வார்கள்? சரிசமமாக இல்லாத எதையும் அவளால் சகித்துக்கொள்ள முடியாது. ஒன்றுவிட்டு ஒன்றாக இன்னும் இரண்டு இதழ்களை மடக், மடக்கென்று அவளே வளைத்து இறக்கினாள். மூன்று நிமிர்ந்தும் மூன்று தொங்கியும் இப்போது கணக்காக இருந்தது. ஒன்றில் மட்டும் கம்பளி இருந்தால் நன்றாகவா இருக்கும்? மிச்சப் போர்வையையும் கிழித்து மற்ற இரண்டிலும் விரித்தாள். எல்லாம் முடிந்து முதுகில் போட்டுக்கொள்ளத் தேடியபோதுதான் ஒரு நூல்கூட மீதமில்லை என்பது தெரிந்தது.

மறுநாள் மர்மோட் அண்ணன் வந்து பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"என்னம்மா இது, தாடி வளர்த்திருக்கே! அதுவும் ஒண்ணு பத்தாம மூணு!"

"தாடியா? கண்ணைத் துடைச்சுட்டுப் பாருங்க. கால்மிதி!"

"கால்மிதியா?"

"வர்றவங்க கால் துடைக்க. உங்க வளையிலே அப்படி ஒண்ணு இருந்தா உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்."

பேச்சு முடிவதற்குள் உர்ரென்ற சத்தம் கேட்டது. குண்டுத்தேனீ திரும்பி வந்தாள். நேற்று கிளம்பும்போது இருந்ததைவிட வயிற்றில் இரண்டு மடங்கு மஞ்சள். வந்தவள் கால்மிதியில் இறங்கி, நல்ல பிள்ளையாக ஆறு காலையும் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தாள். பிறகு கூரையில் முதுகு உரச உள்ளே நுழைந்தாள். அவள் குடித்துவிட்டுப் போனதும் ஐரிஸ் கால்மிதியைப் பார்த்தாள். வெள்ளைக் கம்பளியின் நுனியெல்லாம் மஞ்சள்.

"இது என் வீட்டுப் பொடி இல்லையே. நிறம் வேறயா இருக்கு."

"அக்கரையிலேருந்து வர்றா" என்றார் மர்மோட் அண்ணன்.

"அவ வீட்டு அழுக்கா? என் வாசல்லேயா?"

இலைகள் இரண்டும் தாமாகவே எழுந்தன. கால்மிதியைத் தூக்கி ஒரே ஒரு உதறு உதறினால் போதும், பழையபடி வெள்ளையாகிவிடும்.

"உதறு" என்றார் மர்மோட் அண்ணன், புல்லை மென்றுகொண்டே. "உதறிட்டு, அப்படியே வீட்டையும் பெருக்கிடு. ரெண்டு மூணு பனியிலே ஓடை உன்னைப் பெருக்கிடும்."

ஐரிஸ் நின்றாள். பன்னிரண்டு வருஷத்தில் இவ்வளவு கஷ்டமான வேலையை அவள் செய்ததில்லை. போர்வையைக் கிழித்தபோதுகூட இவ்வளவு வலிக்கவில்லை. நேற்று யோசிக்க நேரமே இல்லை, இன்று நாள் முழுக்க இருந்தது. இலைகளை மெல்ல இறக்கினாள். அன்றைக்கு உதறவில்லை. மறுநாளும் உதறவில்லை. மூன்றாம் நாள் குண்டுத்தேனீ வந்து, "எப்பக்கா இதையெல்லாம் சுத்தம் பண்ணுவே?" என்று வேண்டுமென்றே சீண்டினாள்.

"போடி, உள்ளே போய் வேலையைப் பாரு."

சேற்றுத் திட்டுகளை ஒருநாள் பனித்துளி வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். அவை இதழில் ஊறிக் கரும்புள்ளிகளாக இறங்கிவிட்டிருந்தன. அவள் மேலும் தேய்க்கவில்லை.

அந்தக் கோடை முடிவதற்குள் அவள் மடியில் காய் பிடித்தது. காய்க்குள் ஒன்பது விதைகள். அவள் தினமும் ஒன்பதையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். காய் வெடித்த அன்று மர்மோட் அண்ணன் பனிக்காலப் படுக்கைக்குப் புல் சேர்க்கப் போகும்போது, சொன்ன சொல் தவறாமல் ஒன்பதையும் கவ்விக்கொண்டு மேட்டுக்குப் போனார். வழியில் ஒன்றைத் தின்று பார்த்தார். கசப்பென்றால் கசப்பு, அன்று முழுக்க நாக்கைப் பாறையில் தேய்த்துக்கொண்டிருந்தார். எட்டுதான் மேட்டில் விழுந்தன. அவளிடம் ஒன்பது என்றே சொன்னார்.

பனிக்காலம் வந்தது. ஐரிஸ் வெறும் முதுகோடு படுத்தாள். செத்தோம் என்றே நினைத்தாள். சாகவில்லை. உலர்ந்த முதுகில் பனி வெறுமனே உட்கார்ந்திருந்துவிட்டு, ஒரு சேதமும் செய்யாமல் எழுந்து போனது. வெயில் வந்து முதுகில் நேராக விழுந்தபோது அவளுக்கு இருந்த சுகம் இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது.

"இத்தனை வருஷம் ஈரக் கம்பளிக்கு அடியிலே புழுங்கிக் கிடந்திருக்கேனே!" என்று வாய்விட்டே சொன்னாள்.

இன்னொரு ஆச்சரியமும் நடந்தது. வெயில் பட்ட கிழங்கு மேட்டுப் பக்கமாகப் புதிதாக ஒரு கணு விட்டிருந்தது. போர்வை அமுக்கிக்கொண்டிருந்தவரை அவளுக்கு நகர முடியும் என்பதே தெரியாது. அந்த வருஷம் ஒரு விரல், அடுத்த வருஷம் இரண்டு விரல் என்று தரையோடு தரையாக அவள் ஊர்ந்தாள். மூன்றாம் பனியில் பழைய கரை இடிந்து ஓடையில் விழுந்தபோது, அவள் இடிந்த விளிம்புக்கு நாலு விரல் தள்ளி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். மேட்டில் எட்டுப் பிள்ளைகளும் அதற்குள் பூத்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் மூன்று இதழ் நிமிர்ந்து, மூன்று இதழ் தொங்கி, தொங்கிய ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைக் கால்மிதி.

குண்டுத்தேனீயின் மகள்கள் நூறு பேரும் வாசல் வாசலாகக் கால் துடைத்துக்கொண்டு போய்வந்தார்கள். அக்கரை அக்காவும் இதைப் பார்த்துவிட்டுத் தன் வாசலில் மூன்று போட்டுக்கொண்டாள். முதன்முதலில் போட்டது நான்தான் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். சொல்லட்டும்.

அன்று முதல்தான் மலைப் புல்வெளி ஐரிஸின் மூன்று இதழ்கள் நிமிர்ந்தும் மூன்று இதழ்கள் தொங்கியும் இருக்கின்றன. அன்று முதல்தான் அதன் இதழில் சேறு தெறித்த மாதிரி புள்ளிகள், அதன் கிழங்குக்கு வெயிலில் காயும் வெறும் முதுகு. தொங்கும் இதழின் நடுவில் இருக்கும் வெள்ளை ரோமத்தைப் பார்த்துவிட்டு, படித்தவர்கள் அதைத் தாடி என்று புத்தகத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள். காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போகும் தேனீக்களில் ஒருத்திகூட அதைத் தாடி என்று சொன்னதில்லை. நுனியில் மஞ்சள் ஏறிக் கிடக்கும் அந்தக் கால்மிதியை இன்றுவரை எந்த ஐரிஸும் உதறியதும் இல்லை.